மூன்று மத்தி மீன்களும் ஒரு கக்குவான் ஊசியும்

எங்கள் ஊரில் அந்த வருடத் தடுப்பூசி முகாமை நடத்தியவை மூன்று மத்தி மீன்கள். ஆமாம், மீன்கள்தான். இருபது கிழவர்களை இடுப்புத் துண்டோடு சந்தைத் தெருவைக் கடக்க வைத்து, ஒருவருடைய சட்டைக் கையைக்கூட மடக்கும் வேலை இல்லாமல், சுகாதார நிலையத்து ஊசி அறையில் வரிசையாக உட்கார வைத்த பெருமை உலகத்தில் வேறெந்த மீனுக்கும் கிடையாது. திமிங்கிலத்தாலும் ஆகாத காரியம் அது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதற்கு மீன்கள் காரணமில்லை, நான்தான் காரணம். ஓக் சிபோங் என்கிற நான் சொல்வதைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரில் பாதிப் பேரின் கணக்கு. மீதிப் பாதி நூறால் வகுக்கிறார்கள். பொதுக் குளியலகத்தில் ஆண்கள் பக்கம் முப்பத்தைந்து வருடம் முதுகு தேய்த்து ஓய்வு பெற்றவன் நான். தேய்த்தெடுத்த அழுக்கை எல்லாம் ஓரிடத்தில் கொட்டியிருந்தால் துறைமுகத்துக்கு எதிரே இன்னொரு தீவு முளைத்து, அதற்கு ஒரு படகுப் போக்குவரத்தும் வந்திருக்கும். இதையும் யாரும் நம்புவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஒரே ஒரு முதுகை மட்டும் நான் விடவில்லை. அது மா கில்தேயின் முதுகு. நெத்திலிப் படகில் நாற்பது வருடம் கேப்டனாக இருந்தவன், என் பால்ய சிநேகிதன். அவன் முதுகின் அகலத்துக்கு அதில் ஒரு கால்பந்துப் போட்டி நடத்தலாம். புயலில் அறுந்த வடத்தைப் பல்லால் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தவன். (சரி, கையால்.) அப்படிப்பட்டவனுக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது ஊசி.

எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பயம் உண்டு. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஒரே ஊசியை விளக்குச் சுடரில் காட்டிக் காட்டி, வகுப்பு முழுவதுக்கும் அதையே போடுவார்கள். தீ ஊசி என்றுதான் அதற்குப் பெயர். எங்கள் இடது தோளில் நெத்திலிக் கண் அளவுக்கு இன்னும் தழும்பு இருக்கும். கில்தேயின் தழும்பு மட்டும் நத்தை அளவுக்கு இருக்கும். குத்தும்போது துள்ளிவிட்டான். அன்றைக்கு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியவன், ஐம்பத்தெட்டு வருடமாக ஓடிக்கொண்டே இருந்தான்.

அவனைத் தடுத்து நிறுத்தியது அவன் மகள் சோரா.

சோரா சுன்சொன் நகரத்தில் இருக்கிறாள். கோடையில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கில்தேக்கு அதுதான் முதல் பேத்தி. இன்னும் மூன்று வாரத்தில் நூறாம் நாள் விருந்து. வெள்ளை அரிசிப் பிட்டு, சிவப்புப் பயறு உருண்டை, உறவுக்காரர்கள் எல்லாம் என்று பெரிய ஏற்பாடு. ஆனால் சோரா ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டாள். குழந்தையைத் தூக்க நினைக்கும் பெரியவர்கள் எல்லாரும் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அவளும் போட்டுக்கொண்டாள், கணவனுக்கும் போட வைத்தாள். சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து, கெடு முடிந்ததும் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் வைத்துக் கொஞ்சுகிற படத்தை கில்தேயின் போனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் படத்தை அவன் எனக்குக் காட்டாத நாளில்லை.

"பாருடா இந்த ஆளை. பிள்ளையைப் பிடிக்கத் தெரியுதா இவனுக்கு? சுரைக்காயைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கான்."

"அவரு பிடிச்சாவது இருக்காரு. நீ கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கையை ஆட்டிட்டுத்தானே வந்தே?"

"என் உடம்புல உப்புக் காத்து ஓடுது. கிருமி கிட்ட வந்தா ஊறுகாயாயிடும். ஊசியெல்லாம் பிள்ளைங்களுக்குடா."

"பிள்ளைக்கு ரெண்டாவது மாசம் ஒண்ணு போட்டிருக்கு. அடுத்ததுக்கு நாள் இருக்கு. அதுவரைக்கும் சுத்தி இருக்கிற பெரியவங்கதான் அதுக்குச் சுவருன்னு உன் பொண்ணுதானே சொன்னா?"

"சுவரு. நான் என்ன செங்கல்லா?"

இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் போடாவிட்டால் இரண்டு வாரக் கணக்கு தவறிவிடும். விருந்தில் பிள்ளை சம்பந்தி மடியில் இருக்கும், கில்தே கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருப்பான்.

அந்த வாரத்தில்தான் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் முதியவர்களுக்கான ஃப்ளூ காய்ச்சல் ஊசி நாளும் வந்தது. ஊசி போட்ட அன்று குளிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். அதனால் அன்று விடிந்ததும் முதல் வேலையாக எல்லாக் கிழவர்களும் குளியலகத்துக்குத்தான் வருவார்கள். முழு நாள் அழுக்கை முன்கூட்டியே கழித்துவிட்டு, பளபளவென்று போய் எதிர்வரிசையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்வார்கள். வெந்நீர்த் தொட்டியில் அன்று தலைகள் பூசணிக்காய் மாதிரி மிதந்தன. என்னுடைய தலையும் அதில் ஒன்று.

கில்தேயும் வந்தான், ஆனால் ஊசிக்காக இல்லை.

வழக்கம்போல அவனைத் தேய்க்கும் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தேன். பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு வலது பக்கம் முழுவதும் தேய்த்து முடித்தேன். இடது பக்கம் சோப்பு நுரையைப் பூசும்போது அவன் தலையைத் தூக்காமலே பேச ஆரம்பித்தான்.

"சிபோங்."

"என்ன?"

"ராத்திரி சோராவுக்கு ஒரு போன் போடு. 'உங்க அப்பன் ஊசி போட்டுக்கிட்டான், நான் கூடவே இருந்தேன்'னு சொல்லு."

"போட்டுக்கிட்டியா?"

"போட்டுக்கிட்டிருந்தா உன்னை எதுக்குடா சொல்லச் சொல்றேன்? உனக்குன்னு கொதிகலன் அறையில மூணு மத்தி வாட்ட வச்சிருக்கேன். கொழுத்த மத்தி. கொழுப்பு சொட்டுற மத்தி."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் என்னைப் புளுகன் என்று சொல்லட்டும். ஆனால் நான் நடந்ததைத்தான் பெரிதாக்குவேன். நடக்காததைச் சொன்னதில்லை. அளவில் கை வைப்பேனே தவிர, சரக்கில் கை வைத்ததில்லை.

"என்னால முடியாது" என்றேன்.

"ஏன்? ஆக்டோபஸ் பஸ் ஓட்டுச்சுன்னு சொன்னவன்தானே நீ?"

"அது ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நிஜம். மீன்காரி கூடையிலேர்ந்து தப்பிச்சு வந்து பிடிச்சுது. கில்தே, போன வருஷம் எனக்கு அக்கி வந்துதே, ஞாபகம் இருக்கா? இடுப்பைச் சுத்தி நெருப்பு ஒட்டியாணம் கட்டுன மாதிரி. முப்பத்தஞ்சு வருஷம் மத்தவங்க முதுகுல துணி போட்டுத் தேய்ச்சவன், சட்டை உரசுனா அழுதேன். விசிறி காத்துப் பட்டாக்கூட அழுதேன். அதுக்கு முன்னாடியே ஒரு ஊசி இருக்குன்னு நர்ஸ் எத்தனை தடவை சொன்னாங்க? 'எனக்கு எதுக்கு'ன்னுதான் நானும் கேட்டேன். உன்னை மாதிரியே."

"அது உன் உடம்பு."

"அதேதான் நானும் சொல்றேன். இது உன் உடம்பு விஷயம் இல்லை. அந்தப் பிள்ளை விஷயம்."

அவன் தலையைத் தூக்குவதற்குள் மேலே கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

கொழுப்பு சொட்டும் மத்தியைக் கவனிக்க ஆளில்லாமல் கொதிகலன் அறையில் விட்டால் என்ன ஆகும் என்று நாற்பது வருடம் மீன் பிடித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது. புகையா அது! ஒரு போர்க்கப்பலையே ஒளித்து வைக்கலாம். குளியலகத்து முதலாளியம்மா வாழ்க்கையில் முதல் முறையாக ஆண்கள் பக்கத்துக் கதவைத் திறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"துணி எடுக்க நிக்காதீங்க! அப்படியே வெளியே ஓடுங்க!"

ஓடினோம். ஆளுக்கொரு துண்டு இடுப்பில், துணிப்பெட்டிச் சாவி ரப்பர் வளையத்தில் கணுக்காலில். இருபது கணுக்காலில் இருபது சாவி குலுங்க, சலங்கை கட்டிய மாட்டு மந்தை மாதிரி தெருவில் இறங்கினோம்.

அன்று சந்தை நாள். முட்டைக்கோஸும் மிளகாயும் குவித்து வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் எல்லாரும் தெருவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கணம் முழுத் தெருவும் அமைதியானது. பிறகு உலர்ந்த இறால் விற்கும் அம்மா சொன்னாள்.

"இன்னைக்குப் புது வரத்தெல்லாம் நல்லா வெந்து வந்திருக்கே!"

அக்டோபர் மாதக் கடல் காற்று. மேலெல்லாம் ஆவி பறக்கிறது, கீழே பாதம் உறைகிறது. தீயணைப்பு வண்டி வந்து, புகை அடங்கி, உள்ளே விடும்வரை எங்கே போவது? எதிரே கணப்பு போட்ட ஒரே கட்டடம் சுகாதார நிலையம். அதன் வாசலில் நர்ஸ் பாங் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். இருபத்தைந்து வருடமாக எங்கள் ஊர்க் கிழவர்களைத் துரத்தித் துரத்தி ஊசி போட்டு வரும் பெண்மணி. அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க ஐயா, எல்லாரும் வாங்க. சட்டைக் கையை மடக்குற வேலைகூட இல்லை!"

உள்ளே நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தோம். ராணுவச் சேவைக்குப் பதிலாக எங்கள் ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த இளம் டாக்டர் ஒவ்வொருவர் காதிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். எல்லாருக்கும் காய்ச்சல் காட்டியது. அவர் குழம்பிப்போனார்.

"இது உள்ளே இருந்து வர்ற சூடா, வெந்நீர்த் தொட்டிச் சூடான்னு தெரியலையே. ஆறட்டும். காத்திருங்க."

அப்படியாக நாங்கள் ஆறினோம், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கஞ்சி மாதிரி. ஆறிய வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நர்ஸ் பாங் வேலையை முடித்தாள். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் வந்தவர்களை அவள் அதோடு விடவில்லை. சிப்பி உடைக்கும் கத்தி காலில் விழுந்து கட்டோடு வந்திருந்தவரைப் பார்த்து, ரண ஜன்னி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டாள். அவர், கல்யாணத்துக்கு முன்னால் என்றார். "பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஐயா. உங்களுக்கு மூணு தடவை பாக்கி" என்று அவருடைய இன்னொரு கையையும் வாங்கிக்கொண்டாள். நெஞ்சுச்சளிக்காரர் ஒருவருக்கு நிமோனியா ஊசி. மறுக்க நினைத்தவர்களுக்கு எழுந்து போக வழியில்லை. உடை எதிர்க் கட்டடத்தில், நடுவில் சந்தை.

கில்தே மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். வெப்பமானியைக் கையில் தேய்த்துச் சூடேற்றப் பார்த்தான், டாக்டர் பிடுங்கிக்கொண்டார். கழிப்பறை ஜன்னலை அளந்துவிட்டு வந்தான். பள்ளிக்கூட ஜன்னலுக்குப் போதுமான உடம்பு இதற்குப் போதவில்லை. வாசல் வரை போய் எட்டிப் பார்த்தான். இறால் அம்மா கையை ஆட்டினாள். திரும்பி வந்துவிட்டான்.

கடைசியில் அவன் ஒருவன்தான் பாக்கி. நர்ஸ் பாங் அவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஊசியை எடுக்கவில்லை.

"கேப்டன் ஐயா, பேத்தி நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"வசந்த காலத்துல உங்களுக்கு ஒரு இருமல் வந்துதே, மாசக்கணக்கா விடாம. என்னன்னு பார்த்தீங்களா?"

"சாதாரண இருமல். தானா போயிடுச்சு."

"பெரியவங்களுக்கு அப்படித்தான் போகும். எதுன்னே தெரியாது. அது கக்குவானா இருந்து, அந்த இருமலோட ஒரு கைக்குழந்தையைத் தூக்கினா, குழந்தைக்கும் அதே இருமல் வரும்னு நினைக்கிறீங்க. சின்னஞ்சிறுசுங்களுக்குச் சில சமயம் இருமலே வராது ஐயா. சத்தமே இல்லாம மூச்சு நின்னுடும். பக்கத்துல படுத்திருக்கிற அம்மாவுக்கே தெரியாது."

வெளியே முட்டைக்கோஸ் விலை கூவுவது மட்டும் கேட்டது.

வடத்தைப் பிடித்துக் கரை சேர்ந்தவன் தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இடது தோளை, நத்தைத் தழும்பு இருந்த அதே தோளை, நர்ஸ் பக்கம் திருப்பினான்.

"சுடர் விளக்கு எங்கே?" என்று கேட்டான்.

"அதெல்லாம் எப்பவோ போச்சு ஐயா. ஆளுக்கொரு ஊசி. இதோ, உங்க கண் முன்னாடியே பிரிக்கிறேன்."

அவனுடைய வலது கை என் கையைத் தேடிப் பிடித்தது. முப்பத்தைந்து வருடம் தேய்த்துப் பாறையாகிப் போன என் விரல்களில் நான்கு அந்தப் பிடியில் உடைந்தன. (சரி, உடையவில்லை. ஆனால் மறுநாள் என்னால் சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை.) கண்ணை மூடிக்கொண்டான். ஊசி நுழைந்த நொடியில் ஒரு சத்தம் போட்டான். மீன் ஏலக் கூடத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"அவ்வளவுதான். முடிஞ்சுது" என்றாள் நர்ஸ் பாங். "இன்னைக்கு சோஜு சாராயம் வேண்டாம். குளிக்கவும் வேண்டாம்."

கில்தே கண்ணைத் திறந்தான்.

"குளிக்கக் கூடாதா? அம்மா, இவன் பாதி முதுகுதான் தேய்ச்சிருக்கான்! இடது பக்கம் நுரை இன்னும் காயலை!"

"ஈரத் துணியால துடைச்சுக்கலாம். மீதி நாளைக்கு."

இரவு எட்டு மணி வாக்கில் கில்தே என் வீட்டுக்கு வந்து, அடியில் சூடேற்றிய தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். இடது கையைத் தூக்க முடியவில்லை என்று முனகினான். காய்ந்துபோன நுரையால் பாதி முதுகு அரிக்கிறது என்று அதற்கும் முனகினான். நான் சோராவுக்குப் போன் போட்டேன். இந்த முறை நடந்ததைச் சொல்லத்தானே போகிறேன் என்ற தைரியம். மீன், புகை, துண்டு, சந்தை, இறால் அம்மா என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் சிரிக்கக்கூட இல்லை.

"மாமா, எங்க அப்பா உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாரு?"

"மூணு மத்தி. ஆனா மூணும் கரியாப் போச்சு."

"பார்த்தீங்களா? இருபது தாத்தாங்க துண்டோட ஓடுனாங்களாம். எத்தனை பேருன்னு நிஜமாச் சொல்லுங்க."

"பதினாலு இருக்கும்."

"மாமா."

"ஒன்பது. உன் அப்பனைச் சேர்த்து."

"ஊசி போட்டதுக்குச் சீட்டு ஒண்ணு தருவாங்களே, எங்கே?"

"இடுப்புத் துண்டுல சொருகி வச்சிருந்தான். துண்டைக் குளியலகத்துல துவைக்கப் போட்டுட்டாங்க."

"வசதியாப் போச்சு." அவள் குரல் இறுகியது. "மாமா, நான் விளையாட்டுக்குக் கேட்கலை. எதிர் வீட்டுப் பிள்ளை இதே இருமலோட ஆஸ்பத்திரியில குழாய் மாட்டிக் கிடந்ததைப் பார்த்துட்டு வந்துதான் நான் இந்தச் சட்டமே போட்டேன். எங்க அப்பா மடியில என் பிள்ளையை வைக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? ஆனா எங்க அப்பாவை எனக்குத் தெரியும். எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ, நர்ஸ் ட்ரேயைப் பார்த்துட்டு மாடிப்படியில மயங்கி விழுந்தவரு. அவரு போய்த் தோளைக் காட்டினாருன்னு நான் எப்படி நம்புறது? நாளைக்கு நர்ஸ்கிட்டயே கேட்டுக்கறேன்."

"கேளு. நல்லாக் கேளு. கூடவே இன்னொண்ணும் கேட்டுச் சொல்லு. உன் அப்பன் கத்தினது யாரு பேருன்னு எங்க யாருக்கும் விளங்கலை. உங்க அம்மா பேரும் இல்லை, அவன் படகு பேரும் இல்லை. உன் பிள்ளை பேரு இயான்தானே? அதுவும் இல்லை. கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

"என்ன பேரு?"

"'கொமுரி.' ஊசி இறங்கினப்போ 'கொமுரி, கொமுரி, உனக்காகத்தான்டி'ன்னு கத்தினான். யாரும்மா அது?"

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. தரையில் குப்புறக் கிடந்த கில்தே முகத்தை இன்னும் ஆழமாகத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டான். காது மட்டும் சிவந்து தெரிந்தது.

"மாமா," என்றாள் சோரா. "பிள்ளை வயித்துல இருக்கும்போது நாங்க வச்ச செல்லப் பேரு அது. நெளிஞ்சுக்கிட்டே இருப்பா, அதனால வச்சோம். நானும் அவரும் வீட்டுக்குள்ள கூப்பிடுறது. வெளியில யாருக்கும் தெரியாது. அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். 'நாய்க்குட்டிக்குக்கூட இப்படியொரு பேரு வைப்பாங்களா'ன்னு திட்டினாரு. பிறந்த அன்னைக்குக்கூட அந்தப் பேரைச் சொல்லலை. ஒரு தடவைகூட அவரு வாயில வந்ததில்லை."

"அப்போ அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான்னு நினைக்கிறியா?"

"மாட்டாரு. புளுகுறதுக்குக்கூட அதைச் சொல்ல மாட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "நூறாம் நாள் விருந்துக்கு மீதிப் பாதி முதுகையும் தேய்ச்சு அனுப்புங்க மாமா. பிள்ளையை முதல்ல அவரு மடியிலதான் வைக்கப்போறேன்."

"அப்போ அந்த மீன்? துண்டு? சந்தை?"

"எல்லாமேதான்" என்றாள் சோரா. "நடந்திருக்கு மாமா. நிஜமாவே நடந்திருக்கு."